பெடல் ஸ்டீல் வீடியோவுக்கு ஸ்கார்லெட் டூ-ஐ-டூ: தங்கச்சிமடத்து வீட்டில் பதினான்கு மாதங்கள்

கச்சான் காற்று எழும்பிவிட்டால் ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்தில் எந்த இசைக்கருவியையும் கைப்பேசி மைக்கை நம்பிப் பதிவு செய்ய முடியாது. பனையோலையும் தென்னங்கீற்றும் இரைகிற இரைச்சல், நாட்டுப்படகின் எஞ்சின், 2022 டிசம்பரில் நின்றுபோய் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தோடு திரும்பி வந்த ரயிலின் ஹாரன் என எல்லாமே பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டிலேயே பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்து வீடியோவாகப் பகிர்ந்துவரும் எனக்குப் பல ஆண்டுகளாக இருந்த இந்தத் தொல்லையை, ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் டூ-ஐ-டூ என்னும் சிவப்பு நிற ஆடியோ இன்டர்ஃபேஸின் (கருவி, மைக் ஆகியவற்றின் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் சாதனத்தின்) மூன்றாம் தலைமுறைப் பெட்டி பெருமளவு தீர்த்துவைத்திருக்கிறது. பதினான்கு மாதங்களாக இதை வைத்து வாசித்துவருகிறேன். பெடல் ஸ்டீல் வாசிப்பவருக்கும், கடற்கரையில் குடியிருப்பவருக்கும் இது எந்த அளவு உதவும் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பெடல் ஸ்டீலைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். சிறிய மேசை போல நான்கு கால்களில் நிற்கும் இந்தக் கருவியில், அமெரிக்காவில் கன்ட்ரி என்னும் கிராமிய இசைக்குப் பேர்பெற்ற நாஷ்வில் நகரத்து வாசிப்பாளர்கள் ஈ-நைன் என்று வழங்கும் சுருதி அமைப்பின்படி பத்துத் தந்திகள் உண்டு. சித்ரவீணை என்றும் அழைக்கப்படும் கோட்டுவாத்தியத்தில் மரக்கட்டையைத் தந்திகளின் மேல் வழுக்கி நகர்த்துவது போலவே, இதில் இடது கையில் பிடித்த கனத்த எஃகு உருளையை நகர்த்துகிறோம். வலது கை விரல்களில் பிக் மாட்டிக்கொண்டு மீட்டுகிறது. கோட்டுவாத்தியத்தில் இல்லாதவை, கீழே இருக்கும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும்தான். அவற்றை அழுத்தும்போது குறிப்பிட்ட சில தந்திகள் மட்டும் இறுகியோ தளர்ந்தோ வேறு சுரத்துக்கு நகரும். ஈ சுரத்தை ஆதார ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ஏ பெடல் பஞ்சமத்தைச் சதுஸ்ருதி தைவதத்துக்கும், பி பெடல் அந்தர காந்தாரத்தைச் சுத்த மத்யமத்துக்கும் ஏற்றுகின்றன. இரண்டையும் சேர்த்து மிதித்தால், உருளை இருந்த இடத்தில் இருக்கவே, ச-க-ப என்ற சேர்க்கை ச-ம-த என்று மாறிவிடுகிறது. 1954இல் புகழ்பெற்ற ஒரு கன்ட்ரி இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் என்ற கலைஞர், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுரத்தை வளைத்தார். அதைக் கேட்ட ஸ்டீல் வாசிப்பாளர்கள் பலர் தங்கள் கருவிகளிலும் பெடல் பொருத்த முனைந்தார்கள். அன்று காதுக்கு மட்டும் எட்டிய அந்த வித்தையை இன்று வீடியோவில் கண்ணாலும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதனால்தான் இந்தக் கருவியின் வீடியோவில் ஒலியும் தெளிவாக இருக்க வேண்டும், காலும் தெரிய வேண்டும் என்கிறேன்.

எங்கள் தேவாலயத்தில் பல ஆண்டுகள் ஹவாயன் கிட்டார் வாசித்தவன் நான். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் ஊருக்குத் திரும்பியபோது, மூன்று பெடல்களும் நான்கு நெம்புகோல்களும் கொண்ட பழைய பெடல் ஸ்டீல் ஒன்றை எனக்காக வாங்கி வந்தார். தொடக்கத்தில் கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துத்தான் பதிவு செய்துவந்தேன். ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகன் ஒருநாள் அவற்றைப் பார்த்துவிட்டு, “மாமா, பாட்டை விடக் காத்துச் சத்தந்தான் கூடுதலாக் கேக்குது. பெடலு எறங்கும்போதெல்லாம் டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வேற வருது. காலு என்ன செய்யுதுன்னும் தெரியல” என்றான். அவன் சொன்ன மூன்று குறைகளில் முதல் இரண்டை இந்தப் பெட்டி தீர்த்தது. மூன்றாவதை நானே தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் இரண்டும் எப்படித் தீர்ந்தன என்பது எளிய விஷயம். பெடல் ஸ்டீலின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருள். எஃகுத் தந்தியின் அதிர்வை மட்டுமே அது மின்னலையாக மாற்றும். காற்றில் வரும் ஒலி அதற்கு ஏறக்குறைய இல்லாத ஒன்று. அந்த மின்னலையைக் கேபிள் வழியாக நேரே இன்டர்ஃபேஸுக்குள் செலுத்தினால், வெளியே படகு கிளம்பினாலும் தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றாலும் பதிவில் ஒன்றும் ஏறாது. பெடல் தன் எல்லையில் போய் இடிக்கும் அந்த டக் ஒலியும் ஏறாது. சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, உருளை பிடித்த கை வியர்வையில் வழுக்க வழுக்க வாசித்துப் பார்த்தவர்களுக்கு, மின்விசிறியை ஓடவிட்டே பதிவு செய்வது எத்தனை பெரிய ஆறுதல் என்பது தெரியும்.

ஆனால் கேபிளைச் செருகினால் மட்டும் போதாது. இந்தப் பெட்டியின் முன்பக்கத்தில் மைக் கேபிளையும் கிட்டார் கேபிளையும் ஏற்கும் இரண்டு துளைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘இன்ஸ்ட்’ என்று எழுதிய ஒரு பொத்தான் உண்டு. பெடல் ஸ்டீல்காரருக்கு இந்தப் பெட்டியிலேயே முக்கியமான பொத்தான் அதுதான். ஸ்டீல் பிக்கப்பில் கம்பிச் சுற்றுகள் அதிகம். அது தரும் அலை மென்மையானது. எதிரில் இருக்கும் கருவி அதை அதிகம் உறிஞ்சினால் மேல்ஸ்தாயியின் பளபளப்பு போய்விடும். இன்ஸ்ட் பொத்தானை அழுத்தினால் உள்ளீட்டின் மின்மறுப்பு ஒரு மெகாஓமுக்கும் மேலே உயர்ந்து, பிக்கப்பின் ஒலி குறையாமல் உள்ளே வருகிறது. நான் முதல் வாரம் முழுவதும் இதை அழுத்தாமலேயே வாசித்து, தந்திதான் பழசாகிவிட்டது என்று எண்ணி, பத்துத் தந்திகளையும் மாற்றினேன். பிறகுதான் பொத்தானைக் கவனித்தேன். ஒரே இசைத்துணுக்கை இரண்டு விதமாகவும் பதிவு செய்து கேட்டபோது, கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து வெளியே வைத்தது போல ஒலி தெளிந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் மின்சாரம் தேவைப்படாத வால்யூம் பெடலும் ஒலியின் மேற்பகுதியைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். என் பெடலில் இருப்பது 500 கிலோஓம் பாட், அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை. அதைப் பாதி தளர்த்தும்போது ஒலி சற்று மங்குவதைக் கேட்கலாம். இந்த மங்கலுக்கு இன்டர்ஃபேஸ் பொறுப்பல்ல. கருவிக்கும் வால்யூம் பெடலுக்கும் நடுவில், அலை உறிஞ்சப்படாமல் காக்கும் பஃபர் என்ற சிறு மின்கருவியை வைத்தால் அது சரியாகிவிடும்.

ஒலியளவைச் சரிசெய்யும் குமிழைச் சுற்றி ஒளிவளையம் ஒன்று இருக்கிறது. ஒலி வரும்போது பச்சையாகவும், எல்லை மீறும்போது சிவப்பாகவும் ஒளிரும். சாதாரணக் கிட்டார் வாசிப்பவருக்கு இதைப் பார்த்துச் சரிசெய்வது ஒரு நிமிட வேலை. பெடல் ஸ்டீல்காரருக்கு அப்படியல்ல. வலது கால் எப்போதும் வால்யூம் பெடலின் மேலேயே இருக்கிறது. தந்தியை மீட்டும்போது பெடலைப் பாதியில் வைத்திருந்து, ஒலி தேயத் தேயப் பெடலை அழுத்தி அந்தச் சுரத்தை நீட்டிப்பதுதான் இந்தக் கருவியின் அழுகுரலுக்கே காரணம். பாதிப் பெடலில் குமிழைத் திருப்பி அளவு வைத்துவிட்டால், பாட்டின் உச்சத்தில் காலை முழுதும் இறக்கி ஓங்கி மீட்டும் அந்த ஒரு இடத்தில் வளையம் சிவந்து, பதிவு கரகரத்துவிடும். எத்தனை மென்பொருள் இருந்தாலும் அந்தக் கரகரப்பை முழுவதும் நீக்குவது கடினம். ஆகவே வால்யூம் பெடலை முழுவதும் அழுத்தி, பாட்டில் வரும் மிகப் பலமான இடத்தை வாசித்து, கணினியில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி குமிழை வையுங்கள். 24 பிட் பதிவு என்பதால், மெதுவாக வாசிக்கும் இடங்களைப் பின்னால் உயர்த்தினாலும் இரைச்சல் தலைகாட்டுவதில்லை. 2023இல் வந்த நான்காம் தலைமுறைப் பெட்டியில் அளவைத் தானே கணித்து வைக்கும் வசதியும், எல்லை மீறும்போது தானே குறைக்கும் வசதியும் உள்ளன. இவை ஸ்டீல் வாசிப்பவருக்கு உண்மையிலேயே பயன்படும். ஆனால் பெட்டி கணிக்கும் அந்தச் சில வினாடிகளில் வால்யூம் பெடல் முழுதும் அழுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பது அதற்கும் பொருந்தும்.

காற்றிரைச்சல் போன பிறகுதான் இன்னொரு இரைச்சல் காதில் விழுந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வை ஒரு ரீங்காரமாகப் பிடித்துக்கொள்ளும். இன்டர்ஃபேஸ் அதை உள்ளது உள்ளபடி பதிவு செய்யும். நான் செய்து பலன் கண்டவை மூன்று. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியிலேயே பதிவு செய்வது. ஆம்ப்ளிஃபயரை மூன்று முனைப் பிளக்கில், எர்த் ஒழுங்காக உள்ள இடத்தில் செருகுவது. கருவியை இருக்கையோடு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்து, ரீங்காரம் மிகக் குறைவாக இருக்கும் திசையில் உட்காருவது. மூன்றாவது மிக எளிது; அதுவே மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது. என் வீட்டில் அந்தத் திசை வடக்கு ஜன்னலைப் பார்த்து அமைந்தது. அதனால் முகத்திலும் கையிலும் நல்ல வெளிச்சமும் கிடைத்தது. இந்தப் பெட்டிக்குத் தனி மின்சாரம் தேவையில்லை, யூஎஸ்பி வழியாகவே இயங்குகிறது என்பதால், நடுப்பாட்டில் கரன்ட் போனாலும் பதிவு நிற்பதில்லை. எங்கள் பகுதியில் இதை ஒரு பெரிய நன்மையாகவே கருதுகிறேன்.

இனி, புதிதாக வாங்குவோர் பலர் தடுக்கி விழும் இடம். முதல் துளையில் செருகிய கருவியின் ஒலியைச் சில மென்பொருள்கள் இடது காதுக்கு மட்டும், இரண்டாம் துளையின் ஒலியை வலது காதுக்கு மட்டும் கொண்டுபோகும். ஹெட்போனில் கேட்பவருக்குப் பாட்டு முழுவதும் ஒரே காதில் ஒலிக்கும். இணையத்தில் நல்ல வாசிப்புள்ள பல வீட்டு வீடியோக்கள் இப்படி ஒற்றைக் காதோடு நிற்பதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. பதிவுத் தடத்தை மோனோவாக, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலியாக, வைத்து நடுவில் நிறுத்தினால் போதும். பதிவேற்றும் முன் ஒருமுறை ஹெட்போனில் கேளுங்கள்.

பெட்டியால் தர முடியாத ஒன்று, கருவிக்கும் கேட்பவருக்கும் இடையில் இருக்கும் காற்று. நேரே கேபிளில் வரும் பெடல் ஸ்டீல் ஒலி சுத்தமானதுதான், ஆனால் வறண்டது; ஸ்பீக்கரின் கூம்பு அசைந்து அறைக்குள் பரவும் குளிர்ச்சி அதில் இல்லை. எதிரொலி போன்ற விளைவுகளான ரிவெர்பும் டிலேயும் சேர்த்தால் பாதி தூரம் வரலாம். மீதி தூரத்துக்கு நான் இரண்டாம் துளையைப் பயன்படுத்துகிறேன். முதல் துளையில் ஸ்டீல் நேரடியாக. இரண்டாம் துளையில், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கருக்கு நான்கு விரல் தூரத்தில், கூம்பின் நடுவிலிருந்து சற்று விலக்கி வைத்த ஷூர் எஸ்எம்57 மைக். இந்த மைக் வெளி மின்சாரம் வேண்டாத டைனமிக் வகை என்பதால், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பொத்தான் தேவையில்லை. இரவு பதினொன்றுக்கு மேல் காற்றும் தெருவும் அடங்கிய பிறகு இப்படி இரண்டு தடங்களில் பதிவு செய்து, நேரடித் தடத்தை அடிப்படையாகவும் மைக் தடத்தை அதன் மேல் கொஞ்சமாகவும் கலக்கிறேன். பகலில் எடுத்தால் மைக் தடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரடித் தடத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டு பாழாகாமல் தப்பிக்க இந்த இரட்டைத் தடம் எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது.

மூன்றாவது குறைக்கு, அதாவது காலுக்கு வருகிறேன். ஒரு கைப்பேசியைத் தலைக்கு மேலிருந்து சாய்வாகத் தந்திகளைப் பார்க்கும்படியும், இன்னொன்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வலது பக்கமாக, வால்யூம் பெடலும் மூன்று பெடல்களும் முழங்கால்களும் ஒன்றாகத் தெரியும்படியும் வைத்தேன். கருவியின் சட்டத்துக்கு அடியில் இருட்டாக இருப்பதால் கீழே ஒரு சிறு எல்இடி விளக்கு வேண்டும். முன்பக்கக் கேமராவைப் பயன்படுத்த வேண்டாம். சில கைப்பேசிகள் அதில் படத்தை இடவலமாக மாற்றிவிடும். இடது கால் மிதிக்கும் பெடல்கள் வலது காலில் இருப்பதாகத் தெரிந்து, பார்த்துக் கற்றுக்கொள்பவர் குழம்பிப்போவார். விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு அல்லது நூறில் ஒரு பங்கு வினாடியில் வைத்தால், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் படத்தில் ஓடும் கருங்கோடுகள் மறையும்.

படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்குத் தொடக்கத்தில் கைதட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரடிக் கேபிளில் பதிவு செய்யும்போது அது பயன்படாது. கைதட்டல் பிக்கப்பில் ஏறுவதே இல்லை. அதற்குப் பதிலாக, பாட்டுக்கு முன் மேல் தந்தி ஒன்றைச் சுருக்கென்று மீட்டி உடனே உள்ளங்கையால் அடக்குகிறேன். பாட்டு முடிந்த பிறகும் அதையே ஒருமுறை செய்கிறேன். முதல் மீட்டலைப் படத்தோடு பொருத்திவிட்டு, கடைசி மீட்டலும் பொருந்துகிறதா என்று பார்த்தால், இடையில் நழுவல் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இன்டர்ஃபேஸின் சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பதை) 192 கிலோஹெர்ட்ஸ் வரை வைக்க முடியும் என்றாலும், வீடியோவுக்கு வழக்கமான 48 கிலோஹெர்ட்ஸே போதும். ஒலிக்கு ரீப்பர் என்ற மென்பொருளும், படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் பயன்படுத்துகிறேன். ரிசால்வ் என் பழைய மடிக்கணினியில் திணறுகிறது. ஆகவே ஒலியை முழுதும் முடித்த பிறகே அதைத் திறக்கிறேன்.

வாசிக்கும்போது தன் ஒலியைத் தானே கேட்பதற்கு முன்பக்கத்தில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்ற வசதி இருக்கிறது. கணினிக்குப் போய்த் திரும்பாமல் ஒலி நேரே ஹெட்போனுக்கு வருவதால் தாமதம் இல்லை. உருளையைத் தந்தியின் மேல் துல்லியமாக நிறுத்துவது முழுக்க முழுக்கக் காதை நம்பிய வேலை. இமைப்பொழுது பிந்திக் கேட்டாலும் கை தடுமாறிச் சுருதி விலகும். இந்த வசதி இல்லாத இன்டர்ஃபேஸை ஸ்டீல் வாசிப்பவர் வாங்கவே கூடாது. கைப்பேசியோடு நேரடியாக இணைக்க நினைப்பவர்களுக்கு: பெட்டிக்குத் தேவையான மின்சாரத்தை என் கைப்பேசியால் தர முடியவில்லை, தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் வேண்டியிருந்தது. கணினி இல்லாதவர்கள் இதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உப்புக்காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையில் எந்த மின்கருவியையும் மதிப்பிட முடியாது. இன்டர்ஃபேஸ் வாங்கிய சமயத்தில் வெளியூர்க் கடை ஒன்றில் தனியாக வாங்கிய கேபிளின் முனை மூன்றாம் மாதமே பச்சை பூத்து, வால்யூம் பெடலை அசைக்கும்போதெல்லாம் படபடவென்று பொரிந்தது. கடைக்காரர் மாற்றித் தர மறுத்துவிட்டார். அதன்பின் முனையை நானே வெட்டி, நல்ல ஜாக் வாங்கிப் பற்றவைத்தேன், இன்றுவரை சத்தமில்லை. பெட்டியின் உலோக உறையில் இதுவரை துரு இல்லை. துளைகளும் இறுக்கமாகவே பிடிக்கின்றன. வாசித்து முடித்ததும் தந்திகளைப் பருத்தித் துணியால் துடைத்து, இன்டர்ஃபேஸை இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுகிறேன். திறந்த மேசையில் ஒருநாளும் விடுவதில்லை. வாடைக்காற்று மாதங்களில் பொட்டலங்களை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கிறது.

பெடல் ஸ்டீலையும் ஒரு மைக்கையும் மட்டும் பதிவு செய்ய விரும்புபவருக்கு, இதே வரிசையில் விலை குறைந்த சோலோ என்ற பெட்டியே போதும்; அதில் ஒரு மைக் துளையும் ஒரு கிட்டார் துளையும் இருக்கின்றன. என் மருமகன் கிட்டாரோடு பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் நாட்களில் இரண்டு கருவிகளையும் இன்ஸ்ட் பொத்தானில் தனித்தனித் தடமாக எடுக்க வேண்டியிருப்பதால்தான் நான் டூ-ஐ-டூவை வாங்கினேன். கோவாவில் விற்ற ஒருவரிடமிருந்து பழையதாக ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்தேன். பழையதை வாங்குபவர்கள் பின்பக்க யூஎஸ்பி-சி துளையில் கேபிளைச் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். இணைப்பு விட்டுவிட்டு வந்தால் வேண்டாம். ஹெட்போன் குமிழைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை திருப்பிக் கேட்டு, இரண்டு துளைகளிலும் இன்ஸ்ட் பொத்தானைப் போட்டு அணைத்துப் பார்த்து, இரண்டு ஒளிவளையங்களும் பச்சை காட்டுகின்றனவா என்று கவனித்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.